அக்கரையில் நிற்பவர் யார்

சித்திரையில் மன்றுகளுக்கு விடுமுறை விட்டால் எனக்கு இடுப்பு ஒடியும். தீர்ப்புச் சொல்லிக் களைத்த நீதிபதிகள் ஓய்வெடுக்க எங்கள் மடத்துக்கு வருவார்கள். களைத்தவர்கள் மாதிரியா சாப்பிடுவார்கள்? நான்தான் அங்கே சமையல், எனக்குத் தெரியும்.

மடம் ஆற்றங்கரையில் இருக்கிறது. தலைவி பிச்சம்மை. எல்லோரும் அம்மா என்போம். அம்மா அதிகம் பேச மாட்டார். பேசினால் அன்றைக்கு யாருக்கோ சோறு இறங்காது.

அந்த வருஷம் வெயில் கொளுத்தியதால் பலரும் மலைப்பக்கம் போய்விட்டார்கள். மூன்று நீதிபதிகள்தான் வந்தார்கள். அதில் சென்னியப்பர் வருஷம் தவறாமல் வருகிறவர். அம்மாவைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் அம்மாவைத்தான் குரு என்பார். நல்ல மனுஷன். அவருக்குத் தெரிந்ததில் கொஞ்சம் பெருமை உண்டு, அவ்வளவுதான்.

அன்று காலை நான் ஆற்றில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அம்மா மணலில் உட்கார்ந்திருந்தார். சென்னியப்பர் குளித்து, திருநீறு பூசி, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு கேள்வி. தவறே நடக்காத ஓர் ஏற்பாட்டை மனிதனால் செய்ய முடியுமா?"

"நீங்கள் செய்துவிட்டீர்களா?"

"செய்துவிட்டோம் என்றுதான் நினைக்கிறேன்."

"சொல்லுங்கள்."

அவர் உற்சாகமானார். மணலில் விரலால் கோடு போட்டுக் காட்டினார்.

"ஐந்து நாடுகள் சேர்ந்து நமது கூட்டரசு ஆனது. அப்போதே மன்றுகளை அடுக்காக வைத்தார்கள். கீழே ஊருக்கு ஊர் ஒரு ஊர்மன்று. அதற்கு மேலே நாட்டுக்கு ஒன்றாக நாட்டுமன்று. நான் இருப்பது அங்கே. எல்லாவற்றுக்கும் மேலே, ஐந்து நாட்டுக்கும் பொதுவாகத் தலைமன்று. ஊர்மன்றில் தவறு நடந்தால் நாட்டுமன்று திருத்தும். நாட்டுமன்று தவறினால் தலைமன்று திருத்தும். மூன்று சல்லடை அம்மா. கல் தப்பாது."

"சாட்சியை யார் விசாரிப்பது?"

"ஊர்மன்று மட்டும். அவர்கள் கேட்டதை ஓலையில் எழுதி மேலே அனுப்புவார்கள். நாங்கள் ஓலையைப் படிப்போம்."

"யாராவது மேலே போய்க் கேட்டால்தான் அனுப்புவார்களா?"

"மற்ற வழக்கில் அப்படித்தான். தூக்கு என்றால் யாரும் கேட்கவே வேண்டாம். மூன்று மன்றும் பார்க்காமல் ஒரு கழுத்தில் கயிறு விழாது."

"கீழே இருக்கிறவரும் மேலே இருக்கிறவரும் பேசிக்கொள்வது உண்டா?"

"கூடவே கூடாது. வழக்கைப் பற்றி ஒரு சொல் பேசக் கூடாது. ஓலைதான் பேச வேண்டும். பேசினால் ஒருவர் மற்றவர் மனதைக் கெடுத்துவிடலாம் இல்லையா?"

அம்மா தலையாட்டினார்.

"மூன்று பேருமே தவறிவிட்டால்?"

சென்னியப்பர் சிரித்தார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல இருந்தது அந்தச் சிரிப்பு.

"அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். தீர்ப்பு எழுதிய மூவரில் யார் வேண்டுமானாலும் சிறை வாசலில் போய் நின்று 'என் ஓலையைத் திரும்பக் கொடுங்கள்' என்று கேட்கலாம். கேட்டால் தூக்கு நிற்கும். வழக்கு வேறு ஊர்மன்றில் முதலிலிருந்து தொடங்கும்."

"கேட்டவர்?"

"அவர் அதற்குப் பிறகு எந்த மன்றிலும் உட்கார முடியாது."

"இதுவரை யார் யார் கேட்டார்கள்?"

"ஒருவரும் கேட்டதில்லை அம்மா. எங்கள் பெருமையே அதுதான். வருகிற ஆடியில் எனக்குத் தலைமன்றில் இருக்கை கொடுக்கிறார்கள். அங்கே போய் உட்காருவதை நினைத்தால் இப்போதே உடம்பு சிலிர்க்கிறது."

அம்மா ஆற்றைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"அக்கரையில் ஒருவர் நிற்கிறாரே, யார் அது?"

சென்னியப்பர் கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தார்.

"யாரோ மாடு மேய்க்கிறவர்."

"நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள்."

அவர் எழுந்து நின்று பார்த்தார். தண்ணீரின் ஓரம்வரை போய்ப் பார்த்தார்.

"மாடு மேய்க்கிறவர்தான் அம்மா. தோளில் துண்டு, கையில் கோல். இந்தப் பக்கத்து ஆள் மாதிரிதான் தெரிகிறது."

அக்கரையில் இருந்த ஆள் பரிசலில் ஏறினார். பரிசலைத் துழாவிக்கொண்டு வந்தது பாவாயி. எங்கள் துறையில் அவள்தான் பரிசல் போடுகிறாள். பரிசல் நடு ஆற்றுக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் நெருங்கியது. சென்னியப்பர் அவசரமாகத் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

மாடு மேய்க்கிறவர் இல்லை. தருமசேனர். தலைமன்றின் தலைவர். ஐந்து நாட்டுக்கும் கடைசி வார்த்தை சொல்கிறவர். அக்கரையில் தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று தினமும் பரிசல் ஏறிப் போய்க் குளித்துவிட்டு வருவார். கையில் இருந்தது கைத்தடி.

நான் சிரிப்பை அடக்க அரிசியைப் பார்த்துக்கொண்டேன்.

"தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்றார் சென்னியப்பர். அவருக்கும் சிரிப்பு வந்தது.

"கண்ணில் குறையா?"

"கண்ணெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. இவ்வளவு தூரத்தில் முகம் யாருக்கு அம்மா தெரியும்?"

"இது சித்திரை. ஆறு பாதிதான் ஓடுகிறது. பொழுதும் நன்றாக விடிந்திருக்கிறது. ஐப்பசியில் வெள்ளம் அந்தப் புளியமரம்வரை வரும். ஐப்பசியில், பொழுது சாய்கிற நேரத்தில், இந்தக் கரையில் நின்ற ஒருவர், அந்தக் கரையோரம் பரிசலிலிருந்து ஓர் ஆளைத் தள்ளியவன் இன்னான்தான் என்று சொன்னால்?"

"அதை எந்த மன்றும் நம்பாது."

"நீங்கள் நம்பினீர்கள்."

"நானா?"

"மாசி மாதம். மாரப்பன் வழக்கு."

சென்னியப்பர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. சிரிப்பை எடுத்து வைக்க அவருக்குத் தோன்றவில்லை. 

"பரிசல்காரன் மாரப்பன். மணியக்காரரின் மைத்துனர் ஆற்றில் விழுந்து செத்த வழக்கு. பழைய பகை என்றார்கள். ஒரே சாட்சி. எதிர்க் கரையிலிருந்து பார்த்தேன் என்று..." அவர் நிறுத்தினார். ஆற்றைப் பார்த்தார். "அது இந்தத் துறையா?"

"இதே துறை."

"ஓலையில் ஆற்றின் பெயர் இருந்தது. துறையின் பெயர் இருந்தது. அகலம் இல்லை அம்மா. அகலம் எழுதவில்லை."

"நீங்கள் கேட்டீர்களா?"

அவர் நின்ற இடத்திலேயே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டார். நல்ல வேட்டி. அது நனைவதுகூட அவருக்குத் தெரியவில்லை.

 மாரப்பனை எனக்குத் தெரியும். மடத்துக்கு விறகு வந்தால் அவன் பரிசலில்தான் வரும். அவனை நாளை மறுநாள் காலையில் தூக்கில் போடப் போகிறார்கள். நாட்டுத் தலைநகரில், அக்கரையிலிருந்து மாட்டு வண்டியில் ஒரு பகலும் ஓர் இரவும் போக வேண்டிய தூரத்தில். ஊருக்கே தெரியும். மூன்று மன்றும் பார்த்துவிட்டது, நமக்கு என்ன தெரியும் என்று நாங்களும் வாயை மூடிக்கொண்டு இருந்தோம்.

தருமசேனர் பரிசலிலிருந்து இறங்கி, தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். நெடிய ஆள், வெள்ளை மீசை. ஈர மணலில் உட்கார்ந்திருந்த சென்னியப்பரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

அம்மா என்னிடம் சொன்னார். "அங்கப்பரைக் கூட்டி வா."

அங்கப்பர் மூன்றாமவர். எங்கள் ஊர்மன்றின் நீதிபதி. வீடு கூப்பிடு தூரத்தில்தான். விடுமுறையில் வீட்டில் இருந்தால் வழக்காடிகள் நிம்மதியாக விடமாட்டார்கள் என்று மடத்தில் வந்து ஒளிந்துகொள்வார். நான் போனபோது மரத்தடியில் நுங்கு தின்றுகொண்டிருந்தார். கையில் பாதி நுங்கோடேயே வந்தார்.

மூன்று பேரும் ஒரே இடத்தில் சேர்ந்ததும், சென்னியப்பர் உட்கார்ந்தபடியே அண்ணாந்து தருமசேனரைப் பார்த்தார்.

"ஐயா, மாரப்பன் வழக்கில் நீங்கள் எதைப் பார்த்து உறுதி செய்தீர்கள்?"

தருமசேனர் திடுக்கிட்டார்.

"என்ன ஓய் இது? வழக்கைப் பேசக் கூடாது. மடத்திலும் பேசக் கூடாது."

"மடத்துக்குள் பேசக் கூடாது" என்றார் அம்மா. "இது ஆறு."

தருமசேனர் அம்மாவைப் பார்த்தார். பிறகு, சிறுபிள்ளைக்குச் சொல்கிறவர்போலப் பொறுமையாகச் சொன்னார்.

"உம்முடைய தீர்ப்பைப் பார்த்துத்தான் சென்னியப்பரே. கீழே இரண்டு மன்றுகள் ஒரே மாதிரிச் சொல்லியிருக்கின்றன. நடந்தது என்ன என்பதில் இரண்டு மன்று ஒத்துப்போனால் தலைமன்று அதைக் கிளறாது. அது எங்கள் வழக்கம். சட்டத்தைச் சரியாகப் பொருத்தினீரா என்று பார்த்தேன். சரியாக இருந்தது. அழகான தீர்ப்பு. அதைப் படித்துத்தான் உம்மைத் தலைமன்றுக்குச் சொன்னேன்."

சென்னியப்பர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீர் எதைப் பார்த்தீர்?" என்றார் தருமசேனர்.

"அங்கப்பரைப் பார்த்தேன் ஐயா. அவர் இந்த ஊர்க்காரர். ஆற்றங்கரையிலேயே பிறந்தவர். சாட்சி அவர் கண்முன் நின்று பேசியிருக்கிறான். அவன் முகத்தைப் பார்த்தவர் அவர், ஆற்றைப் பார்த்தவர் அவர். அவரே நம்பியிருக்கிறார். முகத்தையும் பார்க்காமல் ஐப்பசி வெள்ளத்தையும் பார்க்காமல் தலைநகரில் உட்கார்ந்திருக்கிற நான், அவர் நம்பியதை எப்படித் தள்ளுவது? அப்படித்தான் எழுதினேன். நேரில் கண்டவர் நம்பினார் என்று எழுதினேன்."

இரண்டு பேரும் திரும்பி அங்கப்பரைப் பார்த்தார்கள்.

அங்கப்பர் நுங்கைக் கீழே போட்டார். வேட்டியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"நான் நம்பவில்லை" என்றார்.

பிறகு அவரே தொடர்ந்தார்.

"அவன் சொல்லும்போதே தெரிந்தது. ஐப்பசியில் இந்தக் கரையிலிருந்து பார்த்தால் பரிசல் தெரியும், ஆள் தெரிவான், யார் என்று தெரியாது. சின்ன வயதிலிருந்து பார்க்கிற ஆறு, எனக்குத் தெரியாதா?"

"பிறகு ஏன் ஐயா தண்டித்தீர்?" சென்னியப்பரின் குரல் உடைந்திருந்தது.

"காப்பாற்றத்தான்."

"என்ன?"

"அவனைக் காப்பாற்றத்தான் தண்டித்தேன்." அங்கப்பர் இதை ரொம்ப நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவு தெளிவாக வந்தது. "மன்று வாசலில் மணியக்காரர் ஆட்கள் தடியோடு நின்றார்கள். விடுதலை என்று சொல்லியிருந்தால் அவனை வெளியே வந்ததும் அடித்தே கொன்றிருப்பார்கள். என் வீட்டிலும் ஓடு மிஞ்சியிருக்காது. விடுதலை மேலேயும் போகாது, அங்கேயே முடிந்துவிடும். தூக்கு என்றால் தானாக மேலே போகும். மேலே படித்தவர்கள் இருக்கிறார்கள், காவல் இருக்கிறது, பயம் இல்லை. ஓலையைப் படித்த உடனே கேட்பார்கள், ஆறு எவ்வளவு அகலம் என்று. கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தேன்."

"நீர் எழுதியிருக்கலாமே."

"எழுதினால் நான் ஏன் தண்டித்தேன் என்று கேட்பீர்களே."

தருமசேனர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. ஐந்து நாட்டுக்கும் கடைசி வார்த்தை சொல்கிறவர் வாய் திறந்தபடி நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

 ஒருத்தருக்கு ஆறு தெரியும், ஆனால் சொல்லவில்லை. மற்ற இருவருக்கும் தெரியாது, ஆனால் கேட்கவில்லை. மூன்று மன்று, மூன்று ஓலை, மூன்று முத்திரை. அந்த மனுஷனை யாருமே விசாரிக்கவில்லை.

"அவனுக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார் சென்னியப்பர். "பெண்சாதி, பிள்ளை?"

அம்மா பரிசலைப் பார்த்தார்.

பாவாயி பரிசலைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு, துடுப்பை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். நாங்கள் அவளை மறந்துவிட்டோம்.

"இவளா?" என்றார் தருமசேனர். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. இந்த ஒரு வாரமாகத் தினமும் அவள் பரிசலில்தான் போய் வந்தார். நடு ஆற்றில் சுழல் இருக்கிற இடத்தில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார்.

"உனக்கு நான் யார் என்று தெரியுமா?"

"தெரியுமுங்க. வந்த அன்னைக்கே தெரியும்."

"தெரிந்துமா என்னை ஏற்றிக்கொண்டு போனாய்?"

"பரிசல் போடறவங்க கூப்பிட்டா ஏத்தித்தானுங்க ஆகணும்."

"சுழலில் என்னைக் கவிழ்த்திருந்தால் யாருக்குத் தெரியும்?"

பாவாயி அவரை விசித்திரமாகப் பார்த்தாள்.

"உங்களக் கவுத்துப்போட்டு அப்புறம் நான் யாருகிட்டங்க போய்க் கேக்கறது? மேல யாருமே இல்லைன்னு சொன்னாங்களே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா" என்றார் சென்னியப்பர்.

"மன்றுக்கு வெளியில நீதிபதிகிட்ட வழக்கப் பேசுனா சிறைன்னு சட்டமுங்க. நானும் உள்ள போயிட்டா வீட்டுல குழந்தைகளுக்கு யாரு சோறு போடறது? அதான் நீங்களாக் கேப்பீங்கன்னு பாத்தேன். உன்ற ஊட்டுக்காரன் எங்கே, பொம்பள எதுக்குப் பரிசல் போடறேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்கன்னா, கேட்டதுக்குப் பதில் சொல்றது குத்தமாகாதுங்களே. தினமும் நடு ஆத்துல மெதுவாத் துழாவுவேன், கேக்கறதுக்கு நேரம் இருக்கட்டும்னு."

"யாரும் கேட்கவில்லையா?"

"அந்த ஐயா மீனப் பத்திக் கேட்டாருங்க" என்றாள், தருமசேனரைக் காட்டி.

நான் அரிசிப் பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டேன். அரிசி ஆற்றோடு போனது. அன்றைக்குச் சோறு குறைந்தது, அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

சென்னியப்பர் எழுந்தார்.

"நாளை மறுநாள் காலை. இப்போது புறப்பட்டால் போய்விடலாம். ஓலையைத் திரும்பக் கேட்க வேண்டும்."

"கேட்க வேண்டும்" என்றார் தருமசேனர்.

"கேட்கத்தான் வேண்டும்" என்றார் அங்கப்பர்.

மூன்று பேரும் நின்றார்கள். யாரும் காலை எடுத்து வைக்கவில்லை.

"அங்கப்பர்தான் கேட்பது முறை" என்றார் தருமசேனர் கடைசியில். "தவறு தொடங்கியது அங்கே. தலைமன்றின் தலைவரே போய் என் ஓலையைக் கொடுங்கள் என்று நின்றால் ஐந்து நாடும் என்ன நினைக்கும்? இதுவரை தலைமன்று சொன்னது எல்லாமே சந்தேகம் என்று ஆகிவிடும். இது ஒரு மாரப்பனோடு நிற்காது."

"நான் போகிறதில் எனக்கு ஒன்றும் இல்லை" என்றார் அங்கப்பர். "ஆனால் ஐயா உறுதி செய்த தீர்ப்பைக் கீழே இருக்கிற நான் போய்த் தடுப்பது மரியாதையா? சிறைக்காரனே சிரிப்பான். தலைவர் கேட்டால்தான் அதற்கு ஒரு கனம் இருக்கும்."

"மூவரில் யாரும் கேட்கலாம் என்றுதான் விதி" என்றார் சென்னியப்பர்.

"அப்படியானால் நீரும் கேட்கலாம்" என்றார் தருமசேனர்.

சென்னியப்பர் அதை எதிர்பார்க்கவில்லை. அவருக்கு ஆடி மாதம் கண்முன் வந்து நின்றிருக்க வேண்டும். தொண்டையைச் செருமினார். ஆற்றைப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாவாயி ஒருவர் முகத்திலிருந்து ஒருவர் முகத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

பிறகு சென்னியப்பர் அம்மாவிடம் வந்து கைகூப்பினார்.

"அம்மா, நாங்கள் மூன்று பேரும் கலங்கிப்போயிருக்கிறோம். எங்களில் யார் போவது நியாயம் என்று நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டோம்."

தருமசேனரும் அங்கப்பரும் தலையாட்டினார்கள். மூவரும் இப்போதுதான் மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"சென்னியப்பரே, நாலாவதாக ஒரு மன்று கட்டிவிட்டீர்களே."

கூப்பிய கை கூப்பியபடியே நின்றது.  அடி வாங்கினவர் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர் முகம் அப்படி இருந்தது. அங்கப்பர் தரையைப் பார்த்தார். தருமசேனர் தன் கைத்தடியைப் பார்த்தார்.

பாவாயி பரிசலைத் தண்ணீரில் தள்ளினாள். தினமும் கூப்பிடுகிற மாதிரியேதான் கூப்பிட்டாள்.

"அக்கரைக்கு ஆள் இருக்குதுங்களா?"

 அவள் காத்திருந்தாள். பரிசல் கரையோரமாகவே ஆடிக்கொண்டிருந்தது.

சென்னியப்பர் கையை இறக்கினார். யாரையும் பார்க்காமல் தண்ணீரில் இறங்கி நடந்தார். செருப்பு மணலில் கிடந்தது. நான் எடுத்துக்கொண்டு ஓடினேன், அவர் திரும்பவில்லை. பாவாயி கை கொடுக்க, பரிசலில் ஏறி உட்கார்ந்தார்.

"உன் புருஷன் அன்றைக்குச் சாயங்காலம் எங்கே இருந்தான்?" என்று அவளிடம் கேட்டார்.

துடுப்பு அவள் கையில் அப்படியே நின்றது. எத்தனையோ மாதம் எதிர்பார்த்த கேள்வி. வந்தபோது அழுதாள்.

பரிசல் நகர்ந்தது. கொஞ்சம் தூரம் போனதும் சென்னியப்பர் கரையைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி ஏதோ பயம் அவரைப் பிடித்திருக்க வேண்டும்.

"அம்மா" என்று கூப்பிட்டார். "எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிறேன். முதலிலிருந்து விசாரித்து, கடைசியில் அவன்தான் செய்தான் என்று தெரிந்தால்?"

அம்மா எழுந்து தண்ணீர் ஓரம்வரை வந்தார்.

"தெரியட்டும். ஒருவராவது விசாரித்துச் சொன்னதாக இருக்கும்."